பெரிய டயருக்கு டிஃப் ரேஷியோ: டயர் சதவீதமும் டிஃப் சதவீதமும் ஒன்றாக இருந்தால் போதுமா?

சாட்ஸ்வர்த்_ஜிம்னி | 3 ஜூன் 2024, இரவு 8:14

புது மாடல் ஜிம்னி, 1.5 மேனுவல். ஃபேக்டரி டயர் 195/80 ஆர்15. இப்போது 235/75 ஆர்15 போட்டிருக்கு. தென்னாப்பிரிக்காவின் என்3 ஹைவேயில் மாரிட்ஸ்பர்க்கிலிருந்து ஹில்டன் ஏறும்போது ஐந்தாவது கியர் நிற்கவே மாட்டேங்குது. நாலாவதுக்கு இறக்கினால் எஞ்சின் கத்துது.

கணக்கு: பழைய விட்டம் 693 மி.மீ., புதுசு 733. கூடுதல் 5.8%. ஃபேக்டரி டிஃப் (அச்சின் நடுவில் உள்ள டிஃபரன்ஷியலின் கியர் விகிதம்) 4.09. அதை 1.058 ஆல் பெருக்கினால் 4.33. ஆட்டோமேட்டிக் ஜிம்னியில் வருவது 4.30. ஸ்கிராப் யார்டில் ஆட்டோ வண்டியின் முன் டிஃப், பின் டிஃப் இரண்டும் கிடைத்தால் மாட்டிவிட்டு முடித்துக்கொள்ளலாம். டயர் எத்தனை சதவீதம் கூடுதோ அத்தனை சதவீதம் டிஃப் கூடணும், அதுக்கு மேலே யோசிக்க ஒன்றுமில்லை என்பது என் கட்சி. இல்லைங்கிறவங்க எண்ணோட வாங்க.

மாரிட்ஸ்பர்க்_110 | 3 ஜூன் 2024, இரவு 9:40

பெருக்கல் சரி. ஹில்டன் ஏற்றத்துக்கு அது பதில் இல்லை.

எல்லோருக்கும் உதவும் சூத்திரம் முதலில்: எஞ்சின் ஆர்பிஎம் = வேகம் (கி.மீ.) × 5.305 × மொத்த ரேஷியோ ÷ டயர் விட்டம் (மீட்டர்). மொத்த ரேஷியோ என்றால் கியர் × டிரான்ஸ்ஃபர் கேஸ் (முன், பின் அச்சுகளுக்கு இழுவையைப் பிரித்துக் கொடுக்கும், ஹை, லோ என்று இரண்டு ரேஞ்ச் உள்ள பெட்டி) × டிஃப். சுமையில் டயர் கொஞ்சம் அமுங்குவதால் நிஜ ஆர்பிஎம் இதைவிட 3% வரை கூடுதலாக இருக்கும்.

உங்கள் வண்டியில் ஐந்தாவது 1.000, ஹை ரேஞ்சும் 1.000. 120-இல் பழைய டயரோடு 3,757. புது டயரோடு 3,550. 4.30 போட்டால் 3,732. கிட்டத்தட்ட ஃபேக்டரி நிலை திரும்பிவிடும். இதுவரை நீங்கள் சொன்னதுதான்.

இப்போது ஏற்றம். ஆள், சாமான் எல்லாம் சேர்த்து வண்டி 1,400 கிலோ, சரிவு 5%, வேகம் 110 என்று வையுங்கள். சரிவை வெல்ல 690 நியூட்டன், காற்றுக்கு 620 சுற்று, டயர் உருட்ட 200. மொத்தம் 1,500 நியூட்டன். 110 கி.மீ. வேகத்தில் இது சக்கரத்தில் 46 கிலோவாட், இடையில் போகும் இழப்பைச் சேர்த்தால் எஞ்சினில் 52. உங்கள் எஞ்சினின் உச்ச முறுக்கு 130 நியூட்டன் மீட்டர், அது 4,000 ஆர்பிஎம்மில். ஐந்தாவது கியரில், 4.09 டிஃப்பில், 110-க்கு 3,250 ஆர்பிஎம். அங்கே கிடைப்பது ஏறக்குறைய 42 கிலோவாட். 4.30 போட்டால் 3,420 ஆர்பிஎம், 45 கிலோவாட். இன்னும் 7 குறைவு. ஃபேக்டரி டயரிலும் இதே 45 தான், அதனால் முழுச் சுமையில் அப்போதும் ஐந்தாவது நின்றிருக்காது.

நாலாவது (1.190) போட்டால் 3,870 ஆர்பிஎம், ஏறக்குறைய 52 கிலோவாட். கத்துதுன்னு நீங்கள் சொல்லும் அந்த இடம்தான் எஞ்சினின் நல்ல இடம். அங்கேயே ஓட்டுங்கள். 4,000-இல் ஓடுவதால் அந்த எஞ்சினுக்குக் கேடில்லை. 3,000-க்குக் கீழே ஐந்தாவதில் ஆக்சிலரேட்டரைத் தரைவரை மிதித்து இழுத்துக்கொண்டு போவதுதான் கேடு.

டிஃப் ரேஷியோ எஞ்சினுக்குச் சக்தி கூட்டித் தராது. இருக்கிற சக்தி எந்த வேகத்தில் கைக்கு வரணும் என்பதை மட்டும்தான் நகர்த்தும். அதனால் டயரிலிருந்து தொடங்காதீர்கள். வண்டி அதிக நேரம் ஓடுவது எந்த வேகம், எந்த ஏற்றம், எந்த உயரம் என்று எழுதி வைத்துக்கொண்டு அங்கிருந்து பின்னோக்கிக் கணக்குப் போடுங்கள்.

மாரிட்ஸ்பர்க்_110 | 3 ஜூன் 2024, இரவு 10:05

உயரத்தை விட்டுவிட்டேன். டர்போ இல்லாத எஞ்சின் 1,000 மீட்டருக்குப் பத்து சதவீதம்போல இழக்கும். டர்பனில் 75 கிலோவாட் தரும் எஞ்சின் ஜோபர்க் உயரத்தில் 62, 63. சானி கணவாய் உச்சி 2,876 மீட்டர், அங்கே 53, 54. ஹில்டன் பக்கமே பத்து சதவீதம் போய்விடும். மேலே எழுதிய 52 அங்கே 47. நாலாவதிலும் 110 பிடிக்காது, 100-க்குப் பக்கத்தில் வந்து நிற்கும். வண்டியில் பழுது தேட வேண்டாம்.

சாட்ஸ்வர்த்_ஜிம்னி | 4 ஜூன் 2024, காலை 6:50

அப்போ 4.30 எதுக்கு? விட்டுடலாமா?

மாரிட்ஸ்பர்க்_110 | 4 ஜூன் 2024, காலை 7:30

விடாதீர்கள். முதல் கியரில் கிளம்பும்போதும், ரிவர்ஸில் மேடு ஏறும்போதும் கிளட்ச் படும் பாடு குறையும். லோ ரேஞ்சில் முதல் கியர் 36.2-இலிருந்து 38.1 ஆகும். 800 ஆர்பிஎம் ஐடிலில் அது மணிக்கு 2.9 கி.மீ. சமதரையில் ஐந்தாவதுக்கும் நாலாவதுக்கும் அடிக்கடி மாற்ற வேண்டியிருக்காது. பெரிய டயரின் கூடுதல் எடையும் உண்டு. சுற்றளவில் இருக்கும் எடை என்பதால் வேகம் எடுக்கும்போது தராசு காட்டுவதைவிட அதிகமாக இழுக்கும். அதனால்தான் சம சதவீதம் போட்டும் பழைய உயிர் வரலை என்று பலர் சொல்கிறார்கள். ஒரே அளவு டயரில்கூட பிராண்டுக்குப் பிராண்டு, பிளை எண்ணிக்கைக்கு ஏற்ப, சில கிலோ வித்தியாசம் வரும். வாங்கும் முன் எடையைக் கேளுங்கள்.

டிஃப்_மேசை | 4 ஜூன் 2024, மதியம் 1:22

யார்டில் வாங்கும்போது வாய்ப்பேச்சை நம்பாதே தம்பி. வண்டியில் இருந்தால் இப்படி எண்ணு: பின்பக்கம் ஜாக்கியில் தூக்கி ஸ்டாண்டில் வை, முன்சக்கரங்களுக்குக் கட்டை போடு, கியர் நியூட்ரலில். லாக்கர் (இரு பக்கச் சக்கரத்தையும் சேர்த்துப் பூட்டுவது) இல்லாத டிஃப் என்றால் ஒரு சக்கரத்தை அசையாமல் பிடித்துக்கொண்டு மற்றதைச் சரியாக இரண்டு சுற்று சுற்று. புரொப்ஷாஃப்டில் (டிஃப்புக்கு வரும் நீளத் தண்டு) சாக்பீஸ் கோடு போட்டு அது எத்தனை சுற்று என்று பார். நாலும் கொஞ்சமும் என்றால் 4.09. நாலும் கால் சுற்றுக்கு மேலும் என்றால் 4.30. இரண்டும் அருகருகே என்பதால் சக்கரத்தை இருபது சுற்று சுற்றிப் பத்தால் வகு, கண் ஏமாறாது.

கழற்றி வைத்த டிஃப் என்றால் பல்லை எண்ணிவிடு: கிரவுன் வீல் (பெரிய கியர்) பல்லை பினியன் (அதை ஓட்டும் சின்ன கியர்) பல்லால் வகு. 45/11 என்றால் 4.09. 43/10 என்றால் 4.30. பெரும்பாலும் கிரவுன் வீலின் ஓரத்திலேயே எண் குத்தியிருக்கும்.

முன்னும் பின்னும் ஒரே ரேஷியோ. 4.10-உம் 4.11-உம் சேர்ந்தால் பரவாயில்லை, கால் சதவீதம்தான். 4.09-உம் 4.30-உம் சேர்ந்தால் 5% சண்டை. மண்ணில் டயர் வழுக்கித் தாங்கிக்கொள்ளும் என்று சொல்வார்கள், கேட்காதே. டிரான்ஸ்ஃபர் கேஸ் செயினும் பேரிங்கும்தான் அந்தச் சூட்டைத் தின்னும். ஒரு பக்கம் மட்டும் மாற்றிய வண்டியில் 4×4 லீவரைத் தொடவே கூடாது. எப்போதும் நாலு சக்கரமும் ஓடும் டிஃபெண்டர், பிராடோ மாதிரி வண்டிகளை ஒரு பக்கம் மட்டும் முடித்து ஒர்க்ஷாப்பை விட்டு வெளியே எடுக்கவே கூடாது.

ஜிம்னியில் முன் டிஃப், பின் டிஃப் இரண்டும் அச்சு வீட்டிலிருந்து (ஹவுசிங்) மொத்தமாகக் கழன்று வரும் வகை. யார்டு டிஃப்பை முழு அசெம்பிளியாக, அதன் கிரவுன், பினியன், ஷிம் (இடைவெளி சரிசெய்யும் மெல்லிய வளையம்) எதையும் பிரிக்காமல் வாங்கினால் செட்டிங் வேலையே இல்லை. கிரவுனும் பினியனும் ஜோடியாகத் தேய்த்துப் பொருத்தியவை. ஒன்றிலிருந்து கிரவுன், இன்னொன்றிலிருந்து பினியன் என்று கலந்தால் ஊளையிடும்.

ஆக்டன்வில்_ருபிகான் | 4 ஜூன் 2024, மாலை 5:47

இதே இழையில் கேட்டுவிடுகிறேன். ராங்ளர் ஜேகே ருபிகான், 3.6 ஆட்டோ, ஃபேக்டரி 4.10, டயர் 255/75 ஆர்17. 315/70 ஆர்17-க்குப் போகப் போறேன். ஒர்க்ஷாப்பில் 4.88 என்கிறார்கள். நண்பர்கள் 5.13 என்கிறார்கள். வண்டி பெனோனியில்தான், மாதம் ஒருமுறை என்3-இல் டர்பன், பின்னால் டிரெய்லர்.

மாரிட்ஸ்பர்க்_110 | 5 ஜூன் 2024, காலை 5:58

255/75 ஆர்17 = 814 மி.மீ. 315/70 ஆர்17 = 873. சமமாக்க மட்டும் 4.40 வேண்டும். அப்படி ஒரு செட் இல்லை, அடுத்தது 4.56.

120 கி.மீ.-இல், ஐந்தாவது கியரில் (0.83): ஃபேக்டரி நிலை 2,660. புது டயரும் 4.10-உம் 2,480. 4.56 என்றால் 2,760. 4.88 என்றால் 2,950. 5.13 என்றால் 3,100.

டர்பன்வாசி, டிரெய்லர் இல்லை என்றால் 4.56 போதும் என்பேன். நீங்கள் 1,600 மீட்டருக்கு மேலே இருப்பவர், டர்போ இல்லாத எஞ்சின், ஆறில் ஒரு பங்கு சக்தி வீட்டு வாசலிலேயே இல்லை. டிரெய்லரோடு வான் ரீனன் கணவாய் ஏறணும். அதற்கு 4.88. ஆட்டோவில் இன்னொரு காரணமும் உண்டு. ரேஷியோ போதாவிட்டால் கியர்பாக்ஸ் நாலுக்கும் ஐந்துக்கும் தாவிக்கொண்டே இருக்கும், டார்க் கன்வெர்ட்டர் பூட்டிக்கொள்ளாமல் வழுக்கும், ஏடிஎஃப் (ஆட்டோ கியர்பாக்ஸ் எண்ணெய்) சூடாகும். ஆட்டோ கியர்பாக்ஸைக் கொல்வது அந்தச் சூடுதான்.

5.13 எனக்கு உடன்பாடில்லை. பினியன் பல்லைப் பாருங்கள்: 4.10 என்பது 41/10. 4.56 என்பது 41/9. 4.88 என்பது 39/8. 5.13 என்பது 41/8. 5.29 என்பது 37/7. கிரவுன் அளவு மாறாது, அதனால் எண் ஏற ஏறப் பினியன் சிறுக்கும், ஒரே நேரத்தில் கவ்வும் பல் பரப்பும் குறையும். 35 அங்குல டயர், டிரெய்லர், லாக்கர் மூன்றும் இருக்கும் வண்டியில் தேவையில்லாமல் அந்தப் பலத்தை விட்டுக்கொடுக்க வேண்டாம். 37 அங்குலத்துக்குப் போகும் திட்டம் நிஜமாக இருந்தால் மட்டும் 5.13.

புரொப்ஷாஃப்டையும் கணக்கில் சேருங்கள். 120-இல் ஃபேக்டரியில் அது 3,200 சுற்று. 4.88-இல் 3,560. 5.13-இல் 3,740. சஸ்பென்ஷனும் உயர்த்தியிருந்தால் ஜாயிண்ட் கோணம் கூடியிருக்கும். 100 வரை அமைதியாக இருந்த வண்டி 110-இல் அதிரத் தொடங்கும். பலர் டயர் பேலன்ஸ் என்று நினைத்து மறுபடி மறுபடி பேலன்ஸ் போடுவார்கள். புரொப்ஷாஃப்ட் அதிர்வு வேகமான, மெல்லிய ரீங்காரம், இருக்கையில் தெரியும். டயர் அதிர்வு ஸ்டியரிங்கில் ஆடும்.

ஜேகேயின் கம்ப்யூட்டரில் புது ரேஷியோ, புது டயர் அளவு இரண்டையும் புரோகிராமரால் ஏற்றணும். இல்லாவிட்டால் ஸ்பீடோவும் தப்பு, கியர் மாறும் இடமும் தப்பு.

டிஃப்_மேசை | 5 ஜூன் 2024, காலை 9:15

ருபிகானுக்கு முன்னும் பின்னும் டானா 44 அச்சு, ஃபேக்டரி லாக்கரோடு 4.10. எண்ணை ஏற்றிக்கொண்டு போவதற்கு அதே கேரியர் (கிரவுன் வீல் பூட்டியிருக்கும் கூடு) போதும். மற்ற ஜேகேக்களில் முன்னால் டானா 30. அதில் 3.54 வரை ஒரு கேரியர், 3.73-இலிருந்து மேலே இன்னொரு கேரியர். 3.21-இல் வந்த வண்டிக்கு 4.88 போட முன் கேரியரும் வாங்கணும். பழைய டானா 44-இல் அந்த எல்லை 3.73-க்கும் 3.92-க்கும் நடுவில். கியர் செட் மட்டும் ஆர்டர் செய்து, வண்டியைப் பிரித்துப் போட்டுவிட்டுக் கேரியருக்காகக் காத்திருப்பது இந்த வேலையில் அடிக்கடி நடக்கும் தாமதம். லாக்கர் போடும் எண்ணம் இருந்தால் இப்போதே போடுங்கள். லாக்கரும் கேரியர்தான், அந்த எல்லைக்கு ஏற்ற மாடல் எண் கேட்டு வாங்கணும். பின்னால் தனியாகப் போட்டால் அதே கூலியை இரண்டாம் முறை கட்டுவீர்கள்.

கேப்_மணல் | 5 ஜூன் 2024, இரவு 8:31

எல்லோரும் ஏற்றம், டிரெய்லர் என்றே பேசுகிறீர்கள். மணலில் சக்கர வேகம்தான் வேணும். அட்லாண்டிஸ் மணல்மேட்டில் ருபிகானை 4:1 லோவில் போட்டுப் பாருங்கள். 4.88 டிஃப், மூன்றாவது கியர் 1.41, 4,500 ஆர்பிஎம்: மணிக்கு 27 கி.மீ. மேட்டுக்குப் பாதியிலேயே எஞ்சின் ரெட்லைன் பக்கம் போய்விடும், கியர் மாற்றுகிற நொடியில் வண்டி புதையும். ஹை ரேஞ்சில்தான் ஓட்டணும். ஹை ரேஞ்சில் பெரிய டயர் இழுக்க 4.88 நல்லதுதான், அதை மறுக்கலை. ஆனால் டிஃப் ஏற்றினால் லோ ரேஞ்சும் சேர்ந்து ஏறும் என்பதை மணல்காரர்கள் யோசிக்கணும்.

ஜிம்னிக்கு அந்தப் பிரச்சினை இல்லை. லோ 2.002 தான். 4.30 டிஃப்பில் மூன்றாவது லோ 5,000 ஆர்பிஎம்மில் 48 கி.மீ. மணலுக்கு அளவெடுத்தது.

டயர் காற்றை 1 பாருக்கு இறக்குங்கள். அதில் டயர் தட்டையாகி விட்டம் குறையும், அதுவே டிஃப்பை ஒரு படி ஏற்றின மாதிரி.

மாரிட்ஸ்பர்க்_110 | 6 ஜூன் 2024, காலை 6:12

லோ ரேஞ்ச் பற்றிச் சொன்னது சரியான எச்சரிக்கை. கடைசி வரி மட்டும் சரியில்லை. ரேடியல் டயரில் உள்ளே ஸ்டீல் பெல்ட் இருக்கிறது, அதன் நீளம் மாறாது. காற்றை இறக்கினால் அச்சின் உயரம் நிறையக் குறையும், ஆனால் ஒரு சுற்றுக்கு வண்டி போகும் தூரம் சொற்பமாகத்தான் குறையும். டேங்க் சங்கிலி மாதிரி, பெல்ட் தன் நீளத்துக்குத்தான் தரையில் விரியும். மணலில் காற்று இறக்கினால் வண்டி இலகுவாகப் போவதற்குக் காரணம் தரையைத் தொடும் பரப்பு நீண்டு புதைவது குறைவதுதான். ரேஷியோ கணக்கில் காற்றழுத்தத்தைச் சேர்க்காதீர்கள்.

கேப்_மணல் | 6 ஜூன் 2024, காலை 7:05

பெல்ட் விஷயம் ஏற்கிறேன். 1 பார் என்பது அப்படியே நிற்கட்டும். தாரில் ஏறும் முன் திரும்ப அடியுங்கள், பக்கச்சுவர் சூடாகிக் கிழியும்.

டோங்காட்_டீசல் | 8 ஜூன் 2024, மாலை 4:40

டிஃபெண்டர் 110, 300டிடிஐ, ஆர்380 கியர்பாக்ஸ், எல்டி230 டிரான்ஸ்ஃபர் கேஸ், 1.41 ஹை. 235/85 ஆர்16-இலிருந்து 285/75 ஆர்16. யாரோ டிஸ்கவரியின் 1.22 டிரான்ஸ்ஃபர் போட்டால் ஹைவேயில் அமைதியாக ஓடும் என்றார். படகு டிரெய்லரும் இருக்கு.

மாரிட்ஸ்பர்க்_110 | 8 ஜூன் 2024, இரவு 7:26

இந்த டயரோடு வெறும் 1.22 போடாதீர்கள். 120-இல் இப்போது 2,930. 1.22 போட்டால் 2,540. காகிதத்தில் அமைதி. சுமையோடு, காற்றெதிரே, ஐந்தாவது கியர் பெயருக்குத்தான் இருக்கும்.

டிஃபெண்டரில் ஒரு நல்ல வழி இருக்கிறது. 1.22 டிரான்ஸ்ஃபரோடு டிஃப்பை 3.54-இலிருந்து 4.1-க்கு மாற்றினால் ஹை ரேஞ்ச் மொத்தம் ஐந்தாவதில் 0.77 × 1.22 × 4.1 = 3.85. இப்போதைய 0.77 × 1.41 × 3.54 = 3.84. ஹைவேயில் ஒரு மாற்றமும் தெரியாது. லோ ரேஞ்ச் 3.32 இரண்டிலும் அதேதான், அதனால் முதல் லோ 43.4-இலிருந்து 50.3 ஆகும். ஹை கெடாமல் லோ மட்டும் 16% ஆழமாகும்.

பொதுவான விதி: அதே சக்கர முறுக்குக்கு, டிஃப்பில் எண்ணைக் கூட்டினால் கிளட்ச், கியர்பாக்ஸ், புரொப்ஷாஃப்ட் மூன்றுக்கும் பளு குறையும். டிரான்ஸ்ஃபர் கேஸ் லோவை ஆழப்படுத்தினால் கிளட்ச்சுக்கும் கியர்பாக்ஸுக்கும் மட்டும்தான் நிம்மதி, டிரான்ஸ்ஃபர் கேஸுக்குப் பின்னால் இருக்கும் புரொப்ஷாஃப்ட், பினியன், ஹாஃப்ஷாஃப்ட் எல்லாம் முழுப் பளுவையும் வாங்கும். ஹைவே இழுவைதான் குறை என்றால் டிஃப்பை மாற்றுங்கள். ஹைவே நன்றாக இருக்கு, பாறையில்தான் வேகம் அடங்கலை என்றால் டிரான்ஸ்ஃபர் கேஸ். ஜிம்னிக்கு வரும் சில டிரான்ஸ்ஃபர் கிட்கள் ஹை ரேஞ்சையும் சேர்த்துக் குறைக்கும். பெட்டியில் இரண்டு எண்ணும் போட்டிருக்கா என்று பார்த்து வாங்குங்கள். ஹையையும் குறைக்கும் கிட் போட்டபின் டிஃப்பையும் ஏற்றினால் 120-இல் ஓட்டவே முடியாது.

டோங்காட்_டீசல் | 9 ஜூன் 2024, காலை 10:11

படகு ராம்ப்பில் ரிவர்ஸ்?

மாரிட்ஸ்பர்க்_110 | 9 ஜூன் 2024, காலை 11:02

லோ ரேஞ்ச், சென்டர் டிஃப் லாக் போடாமல். உங்கள் வண்டி எப்போதும் நாலு சக்கரம் என்பதால் தாரிலும் கான்கிரீட்டிலும் முறுக்கிக்கொள்ளாது. கிளட்ச் தப்பிக்கும். பார்ட்-டைம் 4×4 லேண்ட் க்ரூஸர், ஹைலக்ஸ் வைத்திருப்பவர்கள், கையால் திருப்பும் ஹப் என்றால், ஹப்பை ஃப்ரீயில் விட்டு லோ ரேஞ்ச் போடலாம். பின் சக்கரம் மட்டும் இழுக்கும், காய்ந்த தரையில் பிணக்கு வராது. எல்லா முறுக்கும் பின் அச்சுக்கே போகும், ஆக்சிலரேட்டரை மெதுவாகத் தொடுங்கள்.

2002 ஜனவரி முதல் கடற்கரை மணலில் வண்டி ஓட்டத் தடை இருப்பது இங்கே எல்லோருக்கும் தெரியும். படகு இறக்குவதும் அனுமதி பெற்ற இடங்களில் மட்டும்தான்.

சாட்ஸ்வர்த்_ஜிம்னி | 15 ஜூன் 2024, இரவு 9:03

பின் டிஃப் முழு அசெம்பிளி கிடைத்தது, எண்ணிப் பார்த்தேன், 43/10. முன் டிஃப் கிடைத்ததில் பினியன் சீல் கசிவு, பேரிங் சத்தம். கியர் பல் சுத்தம். பிரித்துப் பேரிங் மாற்றலாமா?

டிஃப்_மேசை | 15 ஜூன் 2024, இரவு 10:37

மாற்றலாம், ஆனால் பேரிங் மாறினால் அது புது செட்டிங். வரிசையாக எழுதுகிறேன், எந்த டிஃப்புக்கும் முறை இதுதான்.

பிரிக்கும் முன்பே பேக்லாஷை (பல்லுக்கும் பல்லுக்கும் உள்ள தளர்வு) டயல் கேஜில் அளந்து எழுது, பல்லில் மார்க்கிங் பேஸ்ட் பூசி கான்டாக்ட் பேட்டர்னை (பல் தொடும் தடம்) போட்டோ எடு. பல் நன்றாக ஓடிக்கொண்டிருந்தது என்றால் அதுதான் உன் இலக்கு. கேரியர் பேரிங் மூடிகளில் இடது வலது குத்து. இடம் மாறினால் கேரியர் பேரிங் நேராக உட்காராது.

பினியன் தலைக்குப் பின்னால் இருக்கும் ஷிம்மை மைக்ரோமீட்டரில் அளந்து, அதே தடிமனோடு தொடங்கு. புதுப் பேரிங்கைச் சுத்தியலால் அடிக்காதே, பிரஸ்ஸில் ஏற்று. கிரஷ் ஸ்லீவ் (பினியன் பேரிங்குகளுக்கு நடுவே நசுங்கும் குழாய்) எப்போதும் புதுசு. நட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கி, ஒவ்வொரு முறையும் பினியனைச் சுற்றி, இன்ச்-பவுண்டு டார்க் ரெஞ்சில் ப்ரீலோடு (பேரிங்கின் இறுக்கம்) பார். மானுவலில் உள்ள எண்ணைத் தாண்டிவிட்டால் நட்டைத் தளர்த்திச் சரிசெய்ய முடியாது. ஸ்லீவ் ஒருமுறை நசுங்கினால் நசுங்கினதுதான், இன்னொன்று போடு. அதனால் இரண்டு வாங்கி வை. பழைய பேரிங்கையே திரும்பப் போட்டால் ப்ரீலோடு புதுசுக்குச் சொன்னதில் பாதி. ப்ரீலோடை சீல் போடாமல் அளந்துவிட்டு பிறகு சீல் போடு. சீலின் உராய்வு எண்ணைக் குழப்பும்.

பேக்லாஷ்: டொயோட்டா 8 அங்குலத்துக்கு 0.13 முதல் 0.18 மி.மீ. உன் சுசுகிக்கு அதன் மானுவல் எண்தான் செல்லும், டொயோட்டா எண்ணைப் போடாதே. கிரவுனில் நாலு இடத்தில் அள. இடத்துக்கு இடம் அதிகம் மாறினால் கிரவுன் உட்காரும் முகத்தில் அழுக்கு அல்லது பிசிறு இருக்கு, கழற்றி அரத்தால் லேசாகத் துடைத்து மறுபடி மாட்டு. கிரவுன் போல்ட்டைத் துடைத்து திரெட் லாக் போட்டு எதிரெதிராக இறுக்கு.

பிறகு பேட்டர்ன். பல்லின் அடியில் அழுத்தமாக விழுந்தால் பினியன் உள்ளே போய்விட்டது, ஷிம் குறை. நுனியில் விழுந்தால் பினியன் தள்ளி இருக்கு, ஷிம் கூட்டு. 0.05 மி.மீ. படியாக மாற்று. ஷிம் பினியன் தலைக்குப் பின்னால் வரும் டிசைனுக்குத்தான் இது. பல்லின் நீளவாட்டில், உள்பக்கமோ வெளிப்பக்கமோ ஒதுங்கினால் அது கிரவுனைப் பக்கவாட்டில் நகர்த்தித் திருத்துவது. கிரவுனை 0.10 நகர்த்தினால் பேக்லாஷ் 0.07 சுற்று மாறும். இரண்டும் ஒன்றையொன்று இழுக்கும், அதனால் ஒரு சமயத்தில் ஒன்றை மட்டும் மாற்று. பழைய பல் என்பதால் பேட்டர்ன் புத்தகப் படம்போல வராது. இழுக்கும் பக்கம் நடுவில் விழுந்தால் போதும்.

ருபிகான்காரருக்கு: டானாவில் கேரியரை மேசையில் வைத்துச் செய்ய முடியாது, வண்டிக்கு அடியில் அச்சு வீட்டுக்குள்ளேயேதான். மணிக்கூலி அதனால்தான் கூடும். முன்பக்கம் ஐஎஃப்எஸ் (ஒவ்வொரு சக்கரத்துக்கும் தனி சஸ்பென்ஷன்) உள்ள ஹைலக்ஸில் முன் டிஃப்பை இறக்க டிரைவ் ஷாஃப்ட் எல்லாம் வரணும், அதுக்கும் அதே கதை.

ஆக்டன்வில்_ருபிகான் | 16 ஜூன் 2024, மதியம் 12:20

4.88 ஆர்டர் போட்டாச்சு, இரண்டு பக்கமும் பேரிங் கிட்டோடு. கிரஷ் ஸ்லீவுக்குப் பதில் சாலிட் ஸ்பேசர் போடச் சொல்லலாமா?

டிஃப்_மேசை | 16 ஜூன் 2024, மாலை 6:09

35 அங்குல டயருக்கு நல்லது. அடி விழும்போது ஸ்லீவ் இன்னும் கொஞ்சம் நசுங்கி ப்ரீலோடு போய்விடும். ஸ்பேசர் நசுங்காது. பின்னாளில் பினியன் சீல் மாற்றும்போதும் நட்டை அதே டார்க்கில் திரும்ப இறுக்கினால் போதும். ஷிம் வைத்து ப்ரீலோடு பிடிக்க நேரம் அதிகம் எடுக்கும், கூலியில் அதைக் கேட்பார்கள், நியாயம்தான்.

மாரிட்ஸ்பர்க்_110 | 17 ஜூன் 2024, காலை 6:30

டிஃப் மாற்றினாலும் சரியாகாத இரண்டு. ஒன்று பிரேக். 5.8% பெரிய டயர் என்றால் அதே மிதிக்குத் தரையில் பிரேக் விசை 5.5% குறைவு, ரேஷியோ அதைத் தொடாது. சானியில் இறங்கும்போது பிரேக்கை நம்பாமல் லோ ரேஞ்ச் முதல் அல்லது இரண்டாவதில் விட்டு இறங்குங்கள். ஜூன், ஜூலையில் மேல் வளைவுகளில் ஐஸ் இருக்கும். அங்கே எஞ்சின் பிரேக் அதிகமானாலும் சக்கரம் வழுக்கும், முதல் கியரில் வழுக்கினால் இரண்டாவதுக்குப் போங்கள்.

இன்னொன்று ஸ்பீடோ. கியர்பாக்ஸ் அல்லது டிரான்ஸ்ஃபர் கேஸிலிருந்து வேகம் எடுக்கும் வண்டியில், டயர் சதவீதமும் டிஃப் சதவீதமும் ஒத்துப்போனால் ஸ்பீடோ தானாகச் சரியாகும். சக்கர சென்சாரிலிருந்து எடுக்கும் வண்டியில் டிஃப் எதுவானாலும் டயர் பிழை அப்படியே இருக்கும்: டாஷ் 120 காட்டும்போது நிஜம் 127 பக்கம். ஜிபிஎஸ்ஸோடு ஒப்பிட்டுப் பாருங்கள். டயர் அளவு, டிஃப் மாற்றம் இரண்டையும் இன்சூரன்ஸுக்கு எழுத்தில் தெரிவித்துவிடுங்கள்.

சாட்ஸ்வர்த்_ஜிம்னி | 29 ஜூன் 2024, இரவு 8:55

இரண்டும் மாட்டியாச்சு. 120-இல் டாக்கோ (ஆர்பிஎம் மீட்டர்) 3,800-ஐத் தொட்டு நிற்குது, கணக்கில் வந்த 3,732-உம் அந்த 3%-உம் சேர்ந்தது. ஹில்டனில் நாலாவதில்தான் ஏறுகிறேன். முன் டிஃப் 60-இல் ஆக்சிலரேட்டர் விடும்போது மெல்ல முனகுது, மிதிக்கும்போது இல்லை. எண்ணெய் எப்போ மாற்றணும்?

டிஃப்_மேசை | 29 ஜூன் 2024, இரவு 9:48

விடும்போது மட்டும் மெல்லிய முனகல், யார்டு டிஃப், புதுப் பேரிங்: அதோடு வாழலாம். மிதிக்கும்போதும் வந்தால், அல்லது நாளுக்கு நாள் கூடினால் திறந்து பேட்டர்ன் பார். கர்கர் என்று வந்தால் அது பல் இல்லை, பேரிங்.

உனக்கு முன் டிஃப்பில் புதுப் பேரிங் மட்டும்தான். ருபிகான்காரர் புதுக் கியருக்கு முழு முறையையும் பார்க்கணும்: முதல் 25 கி.மீ. மெதுவாக ஓட்டி, நிறுத்தி, அரை மணி நேரம் ஆறவிடு. இதையே சில முறை செய். டிஃப் வீட்டைக் கையால் தொட முடியாத அளவு சூடானால் நிறுத்து. 800 கி.மீ. வரை டிரெய்லர் வேண்டாம், நீண்ட நேரம் ஒரே வேகத்தில் ஹைவே வேண்டாம். முதல் ஓட்டத்திலேயே டிரெய்லர் கட்டி என்3 ஏறினால் பல்லின் மேற்பரப்பு சூட்டில் மென்மையாகிவிடும், அதுக்குப் பிறகு எந்த எண்ணெயும் காப்பாற்றாது.

800-இல் எண்ணெயை இறக்கு. ஜிஎல்-5, உன் மானுவல் சொல்லும் கிரேடு. டிரெயின் பிளக் காந்தத்தில் சாம்பல் நிறப் பசை மாதிரி இருந்தால் சரி. விரலில் தேய்த்தால் உறுத்தாமல் இருக்கணும். ஊசிமுனை அளவு சில்லு வந்தால் அந்த டிஃப்பை இன்னொரு கி.மீ. ஓட்டாமல் கழற்று.